பதினேழாம் அறையில் ஒருவர் இருக்கிறார்

என் வேலையின் பெயர் ப்ராக்சி, அதாவது பிறருக்குப் பதிலாக முன்னால் நிற்பவள். நியமன ஆணையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. பெயர் தமயந்தி, பதவி ப்ராக்சி, இடம் முன்வாசல்.

கட்டடத்துக்கு ஒரே வாசல். வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் நடைவழி. மக்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வருவார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உரிய அறைக்கு அனுப்புவேன். அறைகளுக்கு சர்வீஸ் என்று பெயர். ஒரு சர்வீஸ் ஒரே வேலைதான் செய்யும். காது சர்வீஸ் காதைப் பற்றி மட்டும் பதில் சொல்லும். மூக்கைப் பற்றிக் கேட்டால் ஜன்னலைப் பார்க்கும்.

உள்ளே யார் பதில் சொல்கிறார் என்று வெளியே தெரியக் கூடாது. அது முதல் விதி. அதனால் எல்லா அறைகளிலும் ஊழியர்கள் என் முகத்தை மாட்டிக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முகத்தில் மாவு பூசி அச்சு எடுத்தார்கள். காகித முகமூடி. மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பையாக வந்துவிட்டது. வேலை முடிந்து போகிறவர்கள் என்னிடம்தான் நன்றி சொல்வார்கள். திட்டுகிறவர்களும் என்னைத்தான் திட்டுவார்கள். பதினோரு வருடத்தில் நான் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

காலையில் ஆறு அறைகள் இருக்கும். கூட்டம் கூடினால் பெருகும். சுவர் நடுவில் உப்பி, தோசைமாவு கல்லில் விழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, இரண்டாகும். புது அறைக்குள் ஓர் ஊழியர் ஏற்கெனவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். என் மேசையில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் அந்த அறையின் எண் தானாக விழும். கூட்டம் வடிந்தால் அறைகள் சுருங்கும். எண் அழியும். பலகையில் உள்ளது கட்டடத்தில் உண்டு. பலகையில் இல்லாதது ஒருபோதும் இருந்ததில்லை. இது இரண்டாவது விதி.

மூன்றாவது விதி, அறைகள் எதையும் நினைவில் வைக்கக் கூடாது. வந்தவர் எழுந்து போன கணத்தில் அவரை மறந்துவிட வேண்டும். அப்போதுதான் எந்த ஆளையும் எந்த அறைக்கும் அனுப்ப முடியும்.

ஒவ்வோர் அறையும் பத்து நொடிக்கு ஒருமுறை கயிற்றை இழுக்கும். என் தலைக்கு மேல் அந்த அறையின் மணி அடிக்கும். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று முறை அடிக்காவிட்டால் அந்த எண்ணை நான் அழிக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அந்தப் புதன்கிழமை வரை.

அன்று ஊரில் கரண்ட் இல்லை. தறிகள் நின்றுவிட்டன. எங்கள் ஊரில் தறி நிற்பது அபூர்வம். நின்ற பிறகுதான் பலபேருக்குத் தங்களுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு வரிசை சாலையைக் கடந்து பெட்ரோல் பங்க் வரை போயிற்று. காது சர்வீஸ் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று பெருகிக்கொண்டே போனது. நடைவழி நீண்டது. கடைசி அறைக்குப் போனவர்கள் குடை எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே மழை பெய்வதாகச் சொன்னார்கள்.

ஒருமணி வாக்கில் ஒரு மனிதர் என் முன்னால் வந்து நின்றார். ஒல்லி. சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெயர் கேட்டேன். கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

"பொங்கியண்ணனுங்க!" என்று அவரும் கத்தினார்.

"என்ன கேள்வி?"

"இருவத்தாறு வருசம் தறி ஓட்டியாச்சுங்க. என்ற காது திரும்ப வருமா, வராதா? அதொண்ணு தெரியோணும்."

ஆள் குறைவாக உள்ள அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். பதினேழில் யாருமே இல்லை. அவரைப் பதினேழுக்கு அனுப்பினேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. ஊர் முழுக்கத் தறிச் சத்தம் எழுந்தது. வரிசை அப்படியே திரும்பி ஓடியது. ஐந்து நிமிடத்தில் வாசல் காலி.

மேற்பார்வையாளர் இலக்குவன் வந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். எப்போதும் கையில் ஒரு தராசு வைத்திருப்பார். அதன் இரண்டு தட்டுகளிலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

"லோடு குறைஞ்சிருச்சு மேடம். முப்பத்தொம்பது அறை சும்மா நிக்குது. ஆறாக்குங்க."

"உள்ளே ஆள் இருக்காங்க சார். அவங்க வெளிய வந்துரட்டும்."

"மணி அடிங்க. முப்பது நொடி குடுங்க. அதுக்கு மேல உள்ள இருக்கறவங்க உள்ள இல்லை."

நான் மணி அடித்தேன். நடைவழியிலிருந்து ஆட்கள் வேகமாக வெளியே வந்தார்கள். ஒருவர் பாதிப் பதிலோடு வந்தார். முப்பது எண்ணினேன். மேசைக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றினால் அறைகள் சுருங்கும்.

சுற்றியது நான்தான். இலக்குவன் சுற்றவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

பலகையில் எண்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பதினேழும் அழிந்தது. பொங்கியண்ணன் வெளியே வந்தாரா என்று நான் பார்க்கவில்லை. காது கேட்காதவருக்கு மணி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு அம்மா வந்தார். கையில் சாப்பாடு நிறைந்த தூக்குப்போசி. பெயர் தெய்வாத்தாள்.

"எங்கூட்டுக்காரரு இங்க வந்தாருங்க அம்மிணி. கரண்ட் வந்து மூணு மணி நேரமாச்சு. தறிப்பட்டறைக்கும் வரல. ஊட்டுக்கும் வரல."

"எந்த அறைக்குப் போனார்?"

"அது உனக்குத்தான தெரியோணும்?"

எனக்குத் தெரியும். பதினேழு. பலகையைப் பார்த்தேன். பதினேழு இல்லை. பதினாறும் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஆறு எண்கள் மட்டும் இருந்தன.

"அப்படி ஒரு அறை இருந்ததில்லீங்க்கா" என்றேன். அதுதான் விதி. சொல்லும்போது என் நாக்கு வாய்க்குள் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"அப்ப எங்கூட்டுக்காரரு?"

"அதைக் கேள்வியா எழுதிக் குடுங்க. காணாமல் போனவர்கள் சர்வீஸ் இருக்கு. ஏழு, எட்டு, ஒன்பது. ஏழுக்குப் போங்க."

போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"உள்ளயும் நீதான் உக்காந்திருக்கற. மூக்கு மட்டும் வேற. எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, நாளைக்கு வாங்கங்கற."

"நாளைக்கு வாங்கக்கா."

மறுநாள் வந்தார். முறைப்படி எட்டுக்கு அனுப்பினேன். எட்டு அவரை முதலிலிருந்து சொல்லச் சொன்னது. முதலிலிருந்து சொன்னார். பெயர் என்ன, வயது என்ன, என்ன சட்டை, யார் கடைசியாகப் பார்த்தது. ஒரு கையெழுத்து குறைந்ததால் வெளியே வந்தார். திரும்ப உள்ளே போகும்போது முறை ஏழுக்கு வந்திருந்தது. ஏழு அவரை முன்பின் பார்த்ததில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னது. அன்று மட்டும் நான்கு தடவை முதலிலிருந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் குரல் கட்டியிருந்தது. உள்ளே போக மாட்டேன் என்றார். தூக்குப்போசியை என் மேசைமேல் வைத்தார்.

"ஏன்க்கா?"

"சொல்லிச் சொல்லி அவரு ஒரு கதையாட்டம் ஆயிட்டாரு அம்மிணி. முதல் நாள் நீலச் சட்டைன்னு சொன்னேன். நேத்து சொல்லும்போது வாயில வெள்ளைச் சட்டைன்னு வந்துது. கடைசித் தடவ அவரு வயசே எனக்கு மறந்துபோச்சு. கூட இருந்து கஞ்சி ஊத்துனவளுக்கு மறந்துபோச்சு. இன்னும் ரெண்டு தடவ சொன்னா அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நானே சொல்லிப்போடுவேன்."

நான் தூக்குப்போசியை மேசை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினேன்.

"நீதான அவரைக் கூட்டிட்டுப் போயி வெச்ச? உன்ற மூஞ்சியப் பாத்துத்தான உள்ள போனாரு?"

"ஆமாங்க்கா" என்றேன்.

பதினோரு வருடத்தில் முதல்தடவையாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். கூரை அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அவரை ஒன்பதாம் அறைக்கு மட்டுமே அனுப்பினேன். ஏழுக்கு முறை வந்தாலும் ஒன்பது. எட்டு காலியாக இருந்தாலும் ஒன்பது. அது குற்றம். ஒன்பதில் ஹபீப் பாய் இருந்தார். அவரை எனக்குக் குரலாகத் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு தும்மத் தெரியாத மனிதர். மேசையிலிருந்து அறைகளுக்கு ஒரு பேச்சுக்குழாய் போகிறது. அதில் வாயை வைத்துச் சொன்னேன்.

"பாய், இப்ப வர்ற அம்மாவை மறந்துராதீங்க."

குழாயில் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"மறக்கணும்னுதானே சட்டம், தமயந்தி?"

"ஆமா பாய்."

"சரி. எங்க எழுதி வைக்கிறது? தாள் கிடையாதே."

"உங்களுக்கு எங்க தோணுதோ அங்க."

அவர் முகமூடியைக் கழற்றி அதன் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நீலச் சட்டை. ஐம்பத்திரண்டு வயது, யோசித்து யோசித்துச் சொன்னது. இடது கைப் பெருவிரலில் தறியில் குறுக்கே பாயும் நாடா பட்ட வடு. பருப்புக் குழம்பு பிடிக்காது. இதெல்லாம் என் நெற்றிக்கும் கன்னத்துக்கும் பின்னால் எழுதப்பட்டது. அடுத்த தடவை தெய்வாத்தாள் உள்ளே போனபோது அவர் முதலிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. "பெருவிரல் வடு வரைக்கும் சொன்னீங்கம்மா, அப்புறம்?" என்று கேட்டார். தெய்வாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். மூன்று நாளில் அப்போதுதான் அழுதார்.

சனிக்கிழமை ஹபீப் பாய் குழாயில் கூப்பிட்டார்.

"தமயந்தி, இந்த அம்மா சொன்னதெல்லாம் வரிசையா வெச்சுப் பாத்தேன். அப்புறம் பின்சுவத்துல காதை வெச்சேன்."

"என்ன கேக்குது?"

"ஒரு ஆம்பளை. 'என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க!'ங்கறாரு. திரும்பத் திரும்ப."

நான் குழாயைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் இருக்கிறார். மூன்று நாளாக இருக்கிறார். நான் இருந்ததில்லை என்று சொன்ன அறைக்குள் இருக்கிறார்.

அதே நேரம் ஒன்பதாம் அறையின் மணி அடிக்காமல் போயிற்று. சுவரில் காது வைத்திருப்பவர் கயிற்றை எப்படி இழுப்பார்? பத்து நொடி. இருபது நொடி. இலக்குவன் தராசோடு வந்துவிட்டார். ஒரு தட்டு தாழ்ந்திருந்தது. அதில் இப்போதும் ஒன்றுமில்லை.

"ஒன்பது செத்துப்போச்சு மேடம். அழிங்க."

"சாகலை சார். மெதுவா இருக்கு."

"மெதுவா இருக்கறதும் இல்லாம இருக்கறதும் ஒண்ணுதான்."

"இல்லை சார்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் எங்கோ கேட்டிருக்கிறார். எங்கே என்று யோசித்தார்.

"என்ன சொன்னீங்க?"

"மெதுவா இருக்கறது வேற, இல்லாம இருக்கறது வேற. ஒன்பதுல ஒருத்தர் வேலை செஞ்சிட்டிருக்கார். நாம அவருக்காகக் காத்திருக்கணும். அழிக்க மாட்டேன்."

"ஒரே ஆளை ஒரே அறைக்கு ஆறு தடவை அனுப்பியிருக்கீங்க. லோடு சமமா இல்லை. இங்க பாருங்க, தராசு."

"சமமா இருந்தப்பத்தான் சார் ஒருத்தரைத் தொலைச்சேன்."

தெய்வாத்தாள் நடைவழியிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார்.

பலகையின் மூலையில் ஒரு சாக்பீஸ் நூலில் கட்டித் தொங்கும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எண்கள் தானாகத்தானே விழுகின்றன. நான் அதை எடுத்தேன். நூல் அறுந்தது. பலகையில் பெரிதாகப் பதினேழு என்று எழுதினேன். ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அழித்து நேராக எழுதினேன்.

"அப்படி எழுத முடியாது" என்றார் இலக்குவன்.

"எழுதியாச்சு சார்."

நடைவழி ஒரு பெரிய கொட்டாவி விட்டது. சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒன்பதுக்கு அப்பால் இருந்த சுவர் பின்வாங்கத் தொடங்கியது. கோவில் தேர் நகர்கிற வேகம்தான். ஆனால் நிற்கவில்லை.

நான் எழுந்தேன். ப்ராக்சி எழுந்தால் வாசல் இருக்காது. அது எழுதாத விதி. எனக்கு முன்னால் வாசல் மெல்லச் சுவராக மாறியது. இலக்குவன் பதறிப்போனார்.

"மேடம், வெளிய ஜனங்க நிக்கறாங்க! யாரும் உள்ள வர முடியாது!"

"நீங்க உக்காருங்க சார்."

"எனக்கு அந்த முகம் இல்லையே."

மேசை இழுப்பறையில் மாற்று முகமூடி ஒன்று இருந்தது. எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். பொருந்தியது. என் முகத்தோடு என் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் வாசல் மறுபடி திறந்தது. வெளியே நின்ற முதல் ஆள் அவரிடம் வந்து, "என் மாடு ஏன் என்கிட்டப் பேசறதில்லை?" என்று கேட்டார். இலக்குவன் தராசைப் பார்த்தார்.

நானும் தெய்வாத்தாளும் உள்ளே நடந்தோம்.

பதினோரு வருடம் அந்த நடைவழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனதே இல்லை. இரண்டு பக்கமும் அறைகள். எல்லா அறைகளிலும் நான் உட்கார்ந்திருந்தேன். ஏழில் இருந்த நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டில் இருந்த நான் எங்களைப் பார்த்ததும், "முதலிலிருந்து சொல்லுங்க" என்றேன்.

"சொல்ல மாட்டேன் போ" என்றார் தெய்வாத்தாள்.

ஒன்பதின் கதவு திறந்தது. ஹபீப் பாய் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். நரைத்த தாடி. இத்தனை வருடம் குரலாக மட்டும் இருந்தவர். என்னைவிடக் குள்ளம்.

"இந்தச் சுவர்தான்" என்றார். "பக்கத்துல வந்திருச்சு. வாங்க."

மூவரும் நடந்தோம். நடைவழி எங்களுக்கு முன்னால் நீண்டுகொண்டே போயிற்று. பத்தாவது வளைவில் தெய்வாத்தாள் நின்றார். குனிந்து ஒரு நூல் பிசிரை எடுத்தார். வெள்ளைப் பஞ்சு. முகர்ந்து பார்த்தார்.

"நாப்பதாம் நம்பர் நூலு" என்றார். "எங்க பட்டறைது."

அதற்குப் பிறகு அவர் முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம். நடைவழி அவருக்கு முன்னால் நீள்வதை நிறுத்திக்கொண்டது. ஏன் என்று தெரியாது. அவர் நடந்த நடையைப் பார்த்தால் நானும் நிறுத்தியிருப்பேன்.

பதினேழின் கதவு என் இடுப்பளவுதான் இருந்தது. அறை சுருங்கி ஒரு பீரோ அளவுக்கு வந்திருந்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. ஹபீப் பாயும் இழுத்தார். மூவருமாக இழுத்தோம். வந்தது.

உள்ளே பொங்கியண்ணன் முழங்காலை மார்போடு மடக்கி உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை. எதிரே ஊழியர் இல்லை. அறை சுருங்கியபோது ஊழியர் போய்விட்டார். ஓர் ஆணியில் என் முகமூடி மட்டும் தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க!" என்றார் முகமூடியிடம்.

"மாமா!" என்றார் தெய்வாத்தாள்.

அவருக்குக் கேட்கவில்லை. தெய்வாத்தாள் தவழ்ந்து உள்ளே போய் அவர் இடது கையைப் பிடித்தார். பெருவிரலைத் தடவிப் பார்த்தார். வடு இருந்தது. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

பொங்கியண்ணன் திரும்பினார். ஆச்சரியப்படவில்லை.

"நீ எங்க வந்தே? இரு. இந்தம்மா இன்னும் பதிலு சொல்லி முடிக்கல."

"மூணு நாளாச்சுங்க மாமா! எந்திரிங்க!"

"என்னது?"

"மூணு நாளு!"

தெய்வாத்தாள் நீட்டிய மூன்று விரல்களை அவர் பார்த்தார். யோசித்தார். தலையை ஆட்டினார்.

"மூணு நாள் உக்காந்தாச்சு. இனிப் பதிலு வாங்காம வர மாட்டேன். இருவத்தாறு வருசம் ஒண்ணுமே கேட்டதில்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கறன். சொல்லட்டும்."

தெய்வாத்தாள் என்னைப் பார்த்தார். ஹபீப் பாயும் என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய நானும் என்னைப் பார்த்தேன்.

அந்த முகமூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். குனிந்து உள்ளே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். என் முழங்கால் அவர் முழங்காலில் இடித்தது. நான் காது சர்வீஸ் இல்லை. எனக்குக் காதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் அப்பா தறிப்பட்டறைக்காரர். சாகும்வரை நாங்கள் அவரிடம் கத்தித்தான் பேசினோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கையில் சாக்பீஸ் இருந்தது. சுவரில் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று தெய்வாத்தாளைப் பார்த்தேன். தெரியும் என்று தலையசைத்தார்.

'போன காது திரும்ப வராது. எங்க அப்பாவுக்கு வரல. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். தறிக்குப் போகும்போது காதை அடைச்சுக்கோங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. உங்களை இங்க வெச்சுப் பூட்டுனது நான். தமயந்தி.'

அவர் மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"வராதா?" என்றார்.

"வராதுங்க" என்று உதட்டை அசைத்தேன்.

"அட, இதச் சொல்றதுக்கா அம்மிணி இத்தன ரூமு?"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பிறகு எழப் பார்த்தார். கால் மரத்திருந்தது. தெய்வாத்தாள் ஒரு பக்கமும் ஹபீப் பாய் ஒரு பக்கமும் தூக்கினார்கள். வெளியே வந்ததும் அவர் ஹபீப் பாயைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

"உங்களை மறக்காதவரு" என்று தெய்வாத்தாள் அவர் காதில் கத்தினார்.

"நான் இவரப் பாத்ததே இல்லையே!"

"நானும் உங்களைப் பாத்ததில்லைங்க" என்றார் ஹபீப் பாய். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

திரும்பி நடக்கலாம் என்றேன். பொங்கியண்ணன் நகரவில்லை. பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இங்கயும் ஆளு இருக்குதுங்க" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"காதுதான் போச்சு. கை போகல. தறி ஓடுதா நிக்குதான்னு நாங்க கைய வெச்சுத்தான் பாப்போம். இதுக்குள்ள யாரோ தட்டறாங்க. மூணு நாளா தட்டறாங்க. நான் வேற பதிலுக்குக் காத்திருந்தனா, கண்டுக்கல."

நான் சுவரில் கை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. டக், டக். சின்னதாக. கொஞ்சம் தள்ளி வைத்தேன். அங்கேயும் வந்தது. எதிர்ச் சுவரில் ஹபீப் பாய் கை வைத்தார். அவர் முகம் மாறியது.

"எத்தனை தடவை தமயந்தி சக்கரத்தைச் சுத்தியிருப்பே? இத்தனை வருசத்துல?"

நான் பதில் சொன்னேன். "தினம், பாய்."

பலகை வாசலில் இருந்தது. நான் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்கவில்லை. மேசையில் இலக்குவன் என் முகத்தோடு மாட்டுக்காரரிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பலகையை அவர் முன்னாலிருந்து இழுத்தேன். பதினெட்டு என்று எழுதினேன். பத்தொன்பது என்று எழுதினேன். இருபதும், இருபத்தொன்றும். கட்டடம் முனகியது. மேசை என் பக்கம் சரிந்தது. இலக்குவனின் தராசு உருண்டு கீழே விழுந்தது.

"நிறுத்துங்க மேடம்! இத்தனை அறை ஒரே சமயத்துல இருக்கக் கூடாது! கட்டடம் தாங்காது!"

என் முகத்திலிருந்து வந்த குரல் அது. இத்தனை வருடம் வருகிறவர்கள் எல்லோரும் எந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள் என்று அப்போது தெரிந்தது.

"தாங்கணும் சார். தாங்கலைன்னா ஆளுங்க வெளிய வந்ததுக்கப்புறம் விழட்டும்."

"நான் உங்களைப் பலகையிலிருந்து அழிச்சிருவேன்."

"அழிங்க" என்றேன். "சாக்பீஸ் என்கிட்ட இருக்கு."

இருபத்திரண்டு எழுதினேன். கிழக்குச் சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழே ஓடியது. மாட்டுக்காரர் எழுந்து தன் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுத எழுத எண்களை அவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டு உள்ளே வந்தார்கள். யாரும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேரே நடைவழிக்குள் போனார்கள்.

முதலில் வெளியே வந்தவர் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வைத்திருந்த ஒரு பெண். அவர் பின்னால் சீருடையில் ஒரு கண்டக்டர். அவர் பின்னால் இரட்டைப் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த ஓர் ஆள். எல்லோரும் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து தெய்வாத்தாளின் குரல் கேட்டது. கட்டிய குரல், ஆனால் பெரிதாக இருந்தது.

"அம்மிணி! இங்க இன்னொரு கதவு! நாலு பேராச் சேந்து இழுத்தாலும் வரமாட்டீங்குது!"

நான் மிச்சச் சாக்பீஸை மாட்டுக்காரரிடம் கொடுத்தேன். அரை அங்குலம்தான் இருந்தது. இருபத்து மூன்றிலிருந்து எழுதச் சொன்னேன். எதுவரை என்று கேட்டார்.

"தட்டற சத்தம் நிக்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுக்கப் போனேன்.